தினமும் குடிக்க எந்த மட்சா வாங்கலாம், எப்படி கலக்கணும்

நீங்க கேட்டத நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். மட்சா, அதான் ஜப்பான்காரங்க நைஸா பொடி பண்ணி தண்ணியில கலந்து குடிக்கிற பச்சை தேயிலை, அதுல 'செரிமோனியல் கிரேடு', அதாவது டீ சடங்குக்கான தரம்னு போட்டிருந்த ஒரு சின்ன டின்ன நல்ல விலை குடுத்து வாங்கிட்டீங்க, கெட்டில்ல தளதளன்னு கொதிச்ச தண்ணிய ஊத்தி ஸ்பூனால கலக்கியிருக்கீங்க, மேல கட்டி கட்டியா மிதக்குது, அடியில சகதி மாதிரி படியுது, வாயில வெச்சா வேப்பங்கொழுந்து. தப்பு பொடியிலயா நம்ம கையிலயா, தினசரி குடிக்க எது வாங்கணும், மட்சா கலக்கற அந்த மூங்கில் பிரஷ் கட்டாயம் வேணுமா, அவ்வளவுதானே.

நான் கியோட்டோ பக்கம் வேலைக்கு வந்து 9 வருஷம் ஆகுது, டீ வியாபாரி கிடையாது, ஆனா இங்க ஒரு வயசான அம்மாகிட்ட ரெண்டு வருஷம் சனிக்கிழமை தோறும் டீ கலக்க கத்துக்கிட்டேன், அதுல பாதி நேரம் முட்டி வலிதான் கத்துக்கிட்டேன், அது வேற கதை. நீங்க சொன்னத வெச்சு பாத்தா கட்டியும் சகதியும் நூத்துக்கு நூறு கை தப்பு. கசப்புல பெரும்பங்கு தண்ணி சூடு. மிச்சம் இருக்கறதுதான் பொடி.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன், ஜப்பான்ல வீட்டுக்கு வீடு தினமும் மட்சா குடிக்கிறாங்கன்னு நெனைச்சுக்காதீங்க. தினசரி ஓடுறது சாதாரண இலை க்ரீன் டீயான செஞ்சா, அதையே வறுத்த ஹோஜிச்சா, வெயில் காலத்துல பார்லி வறுத்து போட்ட முகிச்சா, இல்லேன்னா மெஷின்ல காசு போட்டு எடுக்கிற பாட்டில் டீ. மட்சாவுக்குன்னு பதப்படுத்துற இலை நாட்டோட மொத்த தேயிலையில 2024 வரைக்கும் பத்துல ஒரு பங்கு கூட கிடையாது. கைதென்சூஷி கடையில, அதான் தட்டு சுத்தி சுத்தி வருமே அந்த கடை, டேபிள்ல ஒரு டப்பாவுல பச்சை பொடி வெச்சிருப்பாங்க, குழாய்ல சுடுதண்ணி புடிச்சு கலந்து குடிக்கலாம், டூர் வர்ற நம்மாளுங்க அத போட்டோ எடுத்து 'ஃப்ரீ மட்சா'ன்னு போடறாங்க. அது மட்சா இல்லங்க. சாதாரண க்ரீன் டீய பொடி பண்ணினது, ஃபுன்மட்சுச்சான்னு சொல்வாங்க. ஆன்லைன்ல மலிவா 'மட்சா'ன்னு விக்கிறதுல நெறைய இந்த ஜாதிதான், அதனால வித்தியாசம் எங்க இருக்குன்னு கொஞ்சம் சொல்லணும்.

மட்சாவுக்கான செடிய பறிக்கிறதுக்கு ஏறக்குறைய 3 வாரம் முன்னாடியே மூடிடுவாங்க, இப்பல்லாம் கருப்பு வலைத்துணி, பழைய முறையில பந்தல் கட்டி நாணல் பாயும் வைக்கோலும் பரப்புவாங்க. வெயில் கெடைக்காத செடி இருக்கற கொஞ்ச வெளிச்சத்தயும் புடிக்கணும்னு பச்சையத்த ஏத்திக்கும், இலை கரும்பச்சையா ஆகும். இன்னொன்னும் நடக்குது, வேர்ல இருந்து வர்ற தியானின்ங்கிற சத்து வெயில் பட்டா துவர்ப்பு குடுக்கிற கேட்டெச்சினா மாறிடும், நெழல்ல அந்த மாற்றம் கொறைஞ்சு தியானின் அப்படியே தங்கிடும். நாக்குல தித்திப்பும் இல்லாம உப்பும் இல்லாம கஞ்சி மாதிரி ஒரு நெறைவு வரும் பாருங்க, அது இதுதான். பறிச்ச இலைய ஆவியில வேக வெச்சு, உருட்டாம திருகாம அப்படியே செங்கல் அடுப்புல காய வெச்சு, காம்பு நரம்பெல்லாம் எடுத்துட்டா மிஞ்சுறது பேரு தென்ச்சா. அத கல் யந்திரத்துல அரைச்சாதான் மட்சா. செஞ்சாவ மிக்ஸில போட்டு அரைச்சா எவ்வளவு நைஸா அரைச்சாலும் அது பொடி பண்ணின செஞ்சாதான்.

அந்த கல் யந்திரத்த ஊஜியில, அதான் கியோட்டோ பக்கத்துல டீக்கு பேர் போன ஊர், நெறைய கடைகள்ல பாக்கலாம், சில எடத்துல நம்மளயே சுத்த விடுவாங்க. நம்ம பாட்டி வீட்டு திருகை மாதிரியேதான், ஆனா ரொம்ப மெதுவா சுத்தணும், வேகமா சுத்தினா கல்லு சூடாகி வாசனை போயிடும்னு கடைக்காரம்மா என் கைய புடிச்சு நிறுத்தினாங்க. கருங்கல்லு ஓரத்துல பச்சை மாவு வழியுது, விரல்ல தொட்டா பவுடர் மாதிரி ரேகைக்குள்ள போய் ஒட்டிக்குது, ஊதினா பறக்குது. ஒரு மணி நேரத்துக்கு வர்றது சுமார் 40 கிராம்தான். அதாவது உங்க கையில இருக்கிற 30 கிராம் டின்ன அரைக்க ஒரு கல்லு முக்கால் மணி நேரம் சுத்தணும். மலிவு சரக்கு வேற மாதிரி மெஷின்ல வேகமா அரைக்கறது, பால்ல போட அது தாராளமா போதும், அத கேவலமா பேச வேண்டியதில்ல.

இப்ப லேபிளுக்கு வரேன். 'செரிமோனியல் கிரேடு'ங்கிறதுக்கு ஜப்பான்ல சட்டப்படி எந்த வரையறையும் இல்ல, எந்த ஆபீஸும் டெஸ்ட் பண்ணி முத்திரை குத்தறது இல்ல. வெளிநாட்டுக்கு விக்கறவங்க ஆரம்பிச்ச பேரு, யார் வேணா போட்டுக்கலாம். இங்க பழைய கடைகள்ல போனா ரெண்டே கேள்விதான், கோய்ச்சாவுக்கா, உசுச்சாவுக்கா. கோய்ச்சான்னா கெட்டி டீ, 4 கிராம் பொடிக்கு 30, 40 மில்லி தண்ணி விட்டு நுரை வராம பெயிண்ட் பதத்துல கொழைக்கறது, கசப்பே இல்லாத ஒசத்தி பொடியா இருந்தாதான் வாயில வெக்க முடியும். உசுச்சா லேசானது, நுரையோட குடிக்கிறது, நமக்கு வேண்டியது அதுதான். பொடியோட பேர்லயே கூட ஒரு குறிப்பு உண்டு, 'முகாஷி'ன்னு முடிஞ்சா பெரும்பாலும் கோய்ச்சா ரகம், 'ஷிரோ'ன்னு முடிஞ்சா உசுச்சா ரகம், எல்லாரும் கறாரா கடைப்பிடிக்கிறது இல்ல, ஆனா அலமாரி முன்னாடி முழிச்சுக்கிட்டு நிக்கும்போது கை குடுக்கும்.

ஆக தினசரிக்கு என் பதில்: ஒரு நம்பிக்கையான கடையோட உசுச்சா வரிசையில அடியில இருந்து ரெண்டாவது இல்ல மூணாவது விலை. கியோட்டோவுல 1717லயே ஆரம்பிச்ச 'இப்போதோ'ங்கிற கடை, ஊஜியில இருக்கிற மருக்யூ கொயமாயென் மாதிரி கடைகளோட பட்டியல எடுத்து பாத்தீங்கன்னா ஒரே கடையில எட்டு, பத்து ரகம் இருக்கும், கொயமாயென்ல அயோஅராஷி, இசுஸு மாதிரி கீழ்ப்படி ரகங்களே வீட்டுல குடிக்க நல்லாத்தான் இருக்கும். உச்சியில இருக்கறத வாங்கி காலையில ஆபீஸ் அவசரத்துல கலக்கி குடிக்கிறது பட்டுப்புடவை கட்டிக்கிட்டு பாத்திரம் தேய்க்கிற மாதிரி. இன்னொரு சங்கடம், 2024 அக்டோபர் வாக்குல இருந்தே இந்த ரெண்டு கடையும் ஆளுக்கு இவ்வளவுதான்னு கட்டுப்பாடு போட வேண்டியதாயிடுச்சு, உலகமே மட்சாவ பால்ல கலந்து லாட்டேவா குடிக்க ஆரம்பிச்சதுல சரக்கு பத்தல, விலையும் ஏறிடுச்சு. அதனால குறிப்பிட்ட ஒரு பேருக்காக தவம் கெடக்காதீங்க, அந்த படி விலையில எது புதுசா கெடைக்குதோ அத வாங்குங்க.

ஊர் பேரு பாத்து வாங்கணுமான்னா, கொஞ்சம். ஊஜி பேருக்குத்தான் மவுசு, ஆனா 'ஊஜி டீ'ன்னா முழுக்க ஊஜி டவுன்ல வெளைஞ்சதுன்னு அர்த்தம் இல்ல, கியோட்டோ, நாரா, ஷிகா, மியே இந்த நாலு மாகாணத்து இலைய கியோட்டோ மாகாணத்துக்காரங்க கியோட்டோவுலயே முறைப்படி தயாரிச்சா அந்த பேரு போட்டுக்கலாம்னு அங்க இருக்கற டீ வியாபார சங்கமே வெச்சிருக்கு. ஐச்சி மாகாணத்துல நிஷியோ, ஃபுகுஓகாவுல யாமே, தெற்க ககோஷிமா, இங்கெல்லாம் இருந்து வர்றதும் அருமையா இருக்கும், அதே காசுக்கு பல சமயம் ஊஜிய விட நல்ல பொடி கெடைக்கும். யாபுகிதா, ஒகுமிதோரி, சமிதோரின்னு செடி ரகம் பேரு போட்டு விக்கறதும் இருக்கு, அது பின்னாடி ஆர்வம் வந்தா பாத்துக்கலாம், ஆரம்பத்துல கடைக்காரங்க கலந்து வெச்ச பொடியே நல்லது, வருஷா வருஷம் ருசி மாறாம கலக்கறதுதான் அவங்க தொழிலே.

எதுவா இருந்தாலும் பாக்கெட்ட திருப்பி பாருங்க. உள்ள இருக்கற பொருள்னு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும், மட்சா. சர்க்கரை, பால் பவுடர், 'க்ரீன் டீ பவுடர்' இதெல்லாம் சேர்ந்து இருந்தா வெச்சுடுங்க. அரைச்ச தேதியோ காலாவதி தேதியோ இல்லாத சரக்கையும் வெச்சுடுங்க. அப்புறம் அளவு, 20, 30, 40 கிராம் டின்தான் வாங்கணும். ஒரு கிண்ணத்துக்கு 2 கிராம், 30 கிராம்னா 15 கிண்ணம், விலைய 15ஆல வகுத்து பாருங்க, அந்த ஊர்ல வெளியில குடிக்கிற ஒரு காபிய விட கம்மியா வந்தா தினசரிக்கு ஓகே. நான் ஒரு தடவை மலிவா இருக்கேன்னு ஒரு ஆன்லைன் கடையில 100 கிராம் கவர் வாங்கி, மூணாவது மாசம் பாத்தா மருதாணி பொடி கலர்ல நிக்குது, வாசனை வைக்கோல் போர். நல்ல பொடிய வெள்ளை பேப்பர்ல ஒரு சிட்டிகை வெச்சு விரலால இழுத்தீங்கன்னா பளிச்சுன்னு பச்சை கோடு மழமழன்னு விழும், மூக்குகிட்ட கொண்டு போனா கடல்பாசி தாள் மாதிரி ஒரு வாசனை லேசா இனிப்பா வரும். பழசோ மட்டமோ இருந்தா கோடு மஞ்சளடிச்சு, திட்டு திட்டா, கரகரன்னு நிக்கும். உங்க டின்ன இன்னிக்கே இப்படி பாத்துடுங்க.

சரி, கலக்கறது. இங்கதான் நீங்க கவனிக்கணும்.

சலிக்கணும். இத சொன்னா யாரும் கேக்கறது இல்ல, நானும் ஒரு வருஷம் கேக்கல. பொடி அவ்வளவு நைஸா இருக்கறதால தானா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி குட்டி குட்டி உருண்டையா நிக்கும், தண்ணிய ஊத்தினா வெளிப்பக்கம் நனைஞ்சு உள்ள காஞ்ச மாவாவே இருக்கும், எவ்வளவு அடிச்சாலும் உடையாது, ரவா உப்புமால கட்டி விழுந்த கதைதான். சின்ன டீ வடிகட்டி போதும், வடிகட்டிய கிண்ணத்து மேல வெச்சு 2 கிராம் போட்டு ஸ்பூன் முதுகால தேச்சு எறக்குங்க, 2 கிராம்னா டீஸ்பூன்ல தலை தட்டி ஒண்ணு, மூங்கில் கரண்டி இருந்தா ரெண்டு. பத்து செகண்ட் வேலை. கட்டி பிரச்சினை அதோட முடிஞ்சுது.

தண்ணி 75ல இருந்து 80 டிகிரி. தெர்மாமீட்டர் வேண்டாம், நமக்குத்தான் ஆத்த தெரியுமே, கொதிச்ச தண்ணிய ஒரு கப்புல ஊத்தினா பத்து டிகிரி வாக்குல எறங்கும், அதுல இருந்து இன்னொரு கப்புக்கு மாத்தினா இன்னொரு பத்து. ரெண்டு தடவை மாத்தினா சரியா இருக்கும், குளிர்காலம்னா கப்பு சில்லுன்னு இருக்கும், ஒரு தடவையே போதும். கொதிக்கிற தண்ணி பட்டா துவர்ப்பும் கசப்பும் முன்னாடி வந்து நிக்கும், மத்த ருசி எல்லாம் பின்னாடி போயிடும், உங்க வேப்பங்கொழுந்து அங்க இருந்துதான் வந்திருக்கு. தண்ணி அளவு 60, 70 மில்லி, டம்ளர் நெறைய ஊத்தற டீ இல்ல இது, நாலு மடக்குல முடியணும். உப்புத்தண்ணி வர்ற ஊரா இருந்தா ஃபில்டர் தண்ணி எடுங்க, ஜப்பான் குழாய் தண்ணி மென்மையான தண்ணி, அதுக்கு ஏத்தாப்புல வளர்ந்த பழக்கம் இது, கடின தண்ணியில நெறமும் மங்கும் ருசியும் மங்கும்.

மூங்கில் பிரஷ் பேரு சாசென். ஒரே மூங்கில் துண்ட கத்தியால கீறி கீறி மயிரிழை மாதிரி பிரிச்சு செய்யறது, நாரா மாகாணம் இகோமா டவுன்ல தகயாமாங்கிற ஊருதான் இதுக்கு பேர் போனது. 80 இழை, 100 இழைன்னு சொல்லி விப்பாங்க, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு 100 வாங்கினா நுரை சுலபமா வரும். காஞ்ச சாசென்ன அப்படியே உள்ள விட்டா முனை ஒடிஞ்சு டீயில மிதக்கும், அதனால முதல்ல கிண்ணத்துல சுடுதண்ணி ஊத்தி சாசென்ன ஒரு நிமிஷம் அதுல நிறுத்தி வெங்க, முனை வளையும், கிண்ணமும் சூடாகும், அந்த தண்ணிய கொட்டிட்டு துணியால ஈரமே இல்லாம துடைங்க. ஈரம் இருந்தா சலிச்ச பொடி திரும்ப ஒட்டிக்கும்.

அப்புறம் பொடி, முதல்ல கொஞ்சூண்டு தண்ணி மட்டும் விட்டு சாசென்னால மெதுவா தேச்சு பசை மாதிரி பண்ணிக்குங்க, பிறகு மிச்ச தண்ணி. இப்ப வட்டமா கலக்கக் கூடாது, ஸ்பூன் பழக்கத்துல கை அதுக்குத்தான் போகும், முன்னும் பின்னுமா அடிக்கணும், மணிக்கட்டு மட்டும் ஆடணும், தோள் ஆடினா தப்பு. முனை கிண்ணத்து அடியில இடிக்காம ஒரு நூல் அளவு மேல ஓடணும். சத்தத்தை கேளுங்க, மொதல்ல சளக் சளக்னு தண்ணி சத்தம் வரும், பதினஞ்சு இருபது செகண்ட்ல அது அடங்கி சர்ர்ருன்னு மெலிசா மாறும், நுரை வந்துடுச்சுன்னு அர்த்தம். பெரிய கொமிழ் இருந்தா சாசென்ன மேல தூக்கி நுனியால நுரைய மட்டும் லேசா வருடுங்க, உடைஞ்சு பொடி நுரையா ஆயிடும். கடைசில ஜப்பான் எழுத்து 'நோ' மாதிரி ஒரு சுழி போட்டு நடுவுல இருந்து எடுத்தா நடுவுல நுரை மேடா நிக்கும். முழுசா நுரைக்கணுமான்னா அது ஆளுக்கு ஆள், டீ சடங்கு சொல்லிக்குடுக்கிற பள்ளிகள்ல உரசெங்கே பள்ளிக்காரங்க கிண்ணம் முழுக்க நுரை வர வெப்பாங்க, ஒமோதெசெங்கே பள்ளியில ஒரு பக்கம் பிறை மாதிரி நுரை இல்லாம விடுவாங்க, ரெண்டு பேருமே 16ஆம் நூற்றாண்டு டீ சடங்கு குரு சென் நோ ரிக்யூவோட பரம்பரைதான். வந்த உடனே குடிங்க. மட்சா கரையறது இல்ல, மிதக்கத்தான் செய்யுது, அஞ்சு நிமிஷம் போன் பாத்துட்டு வந்தா அடியில படிஞ்சுதான் இருக்கும், அது பொடியோட குத்தம் இல்ல.

சாசென் கட்டாயமான்னா, இல்ல. பேட்டரில ஓடுற பால் நுரைப்பான் நல்லா வேலை செய்யும், இல்லேன்னா மூடி போட்ட பாட்டில்ல போட்டு குலுக்குங்க, ஆனா சுடுதண்ணிய மூடி குலுக்கினா பீச்சி அடிக்கும், பச்ச தண்ணியா இருந்தா மட்டும். ஸ்பூனும் முள்கரண்டியும் மட்டும் வேலைக்கு ஆகாது. கிண்ணம் அகலமா இருக்கணும், காபி மக்குல சாசென் ஆடவே எடம் இருக்காது, வீட்டுல பாயசம் குடிக்கிற அகல கிண்ணம் இருந்தா அதுவே போதும். சாசென்ன சோப்பு போட்டு கழுவாதீங்க, வெறும் தண்ணியில அலசி நிக்க வெச்சு காய விடுங்க, வாங்கின டப்பாவுக்குள்ள ஈரத்தோட மூடினா ஒரே வாரத்துல பூஞ்சை.

பால்ல குடிக்கறதுன்னா கொஞ்சம் கசப்பு தூக்கலான மலிவு ரகம்தான் நல்லது, ஒசத்தி பொடி பால்ல காணாம போயிடும். 3 கிராம் சலிச்சு 40 மில்லி சுடுதண்ணியில அடிச்சுட்டு 150 மில்லி பால், அவ்வளவுதான். பொடிய நேரா பால்ல கொட்டினா கட்டிதான். வெயில் காலத்துல 2 கிராமுக்கு 100 மில்லி ஐஸ் தண்ணி, இதுல கசப்பு ரொம்ப கம்மி, கசப்பு புடிக்காதவங்க இதுல இருந்து ஆரம்பிக்கலாம்னு என் எண்ணம்.

அப்புறம் இனிப்பு. இங்க டீயோட சேர்த்து சாப்பிட மாட்டாங்க, முன்னாடியே சாப்பிட்டு முடிச்சுட்டு, வாயில அந்த தித்திப்பு இருக்கும்போது சர்க்கரை இல்லாத டீய குடிப்பாங்க. ஒரு பேரிச்சம்பழமோ சின்ன துண்டு கடலை மிட்டாயோ போதும். வெறும் வயித்துல குடிக்காதீங்க, எனக்கு குமட்டியிருக்கு, நெறைய பேருக்கு அப்படித்தான்.

உடம்ப பத்தி கேக்காமலே சொல்றேன். 2 கிராம் பொடியில காஃபின் 60 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, நாம இலையையே முழுங்கறோம்ல, ஒரு சின்ன காபிக்கு சமம், அதனால சாயங்காலம் 4 மணிக்கு மேல நான் தொடறது இல்ல. ரத்த சோகை இருக்கறவங்க சாப்பாட்டோடவும் இரும்பு மாத்திரையோடவும் குடிக்க வேண்டாம், இரும்பு ஒட்டாது. வார்ஃபரின் மாத்திரை எடுக்கறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு குடிங்க, இதுல வைட்டமின் கே அதிகம். வெயிட் கொறையும், கேன்சர் வராதுன்னு டப்பாவுல போடறத நம்பி வாங்காதீங்க.

டின்ன திறந்தா நாலஞ்சு வாரத்துல முடிச்சுடணும். திறக்காதது ஃப்ரிட்ஜ்ல இருக்கலாம், ஆனா வெளிய எடுத்த உடனே திறக்கக் கூடாது, கண்ணாடி டம்ளர்ல ஐஸ் தண்ணி ஊத்தினா வெளியில வேர்க்கும்ல, அதே வேர்வை பொடி மேல படும். இத நான் ஒரு நல்ல டின்ன பாழாக்கி கத்துக்கிட்டேன். சில மணி நேரம் வெளிய வெச்சு ரூம் சூட்டுக்கு வந்த பிறகு திறங்க.

இப்ப உங்க டின்னுக்கு வருவோம், தூக்கி போட்டுடாதீங்க. பேப்பர்ல கோடு இழுத்து பாருங்க, அதே பொடிய சலிச்சு, ரெண்டு தடவை ஆத்தின தண்ணியில 70 மில்லி விட்டு ஒரு கிண்ணம் அடிச்சு பாருங்க. கசப்பு பாதியா கொறைஞ்சா பொடி நல்ல பொடிதான், இன்னும் அதே வேப்பங்கொழுந்துன்னா பழைய சரக்கு, சர்க்கரை போட்டு பால்ல தீத்துட்டு அடுத்த தடவை 20 கிராம் டின்னா வாங்குங்க.